ஓர் ஓடையின் ஜாதகம்

படிக்காமல் சேர்ந்துபோன வாரப் பத்திரிகைகளைப் பரணில் ஏற்றிவைக்கும் வீடுகளுக்கு ஒரு விடுதலை நாள் உண்டு. பழைய பேப்பர்க்காரர் வருவார், தராசைத் தூக்கிப் பிடிப்பார், குற்ற உணர்ச்சி கிலோக் கணக்கில் வாசல் தாண்டிவிடும். இணையத்தில் படிக்கத் தொடங்கியபோது அப்படி ஓர் ஆள் எனக்கு அமையவில்லை. அமைந்தது ஆரஞ்சு நிறத்தில் ஒரு சதுரம். அதன் மூலையில் ஒரு புள்ளி, புள்ளியைச் சுற்றி இரண்டு வளைவுகள்.

ஆர்எஸ்எஸ் என்று பெயர். "தினமும் காலையில் ஆர்எஸ்எஸ்தான் பார்க்கிறேன்" என்று நம் ஊரில் சொன்னால் கேட்பவர் முகம் ஒரு மாதிரி ஆகும். ஷாகாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கம் சொல்ல வேண்டும். செய்தியோடை என்று தமிழில் பெயரிட்டவர்கள் அந்தச் சங்கடத்திலிருந்து நம்மைக் காப்பாற்றினார்கள்.

பிறந்தது 1999 மார்ச்சில், நெட்ஸ்கேப் நிறுவனத்தில். பெற்றவர்கள் டான் லிபி, ராமநாதன் குஹா. குஹா சென்னை ஐஐடியில் படித்தவர் என்பதால் கிண்டிக்கும் இதில் கொஞ்சம் பங்கு கேட்கலாம். வேலை மிக எளியது. தளம் தன் புதிய கட்டுரைகளின் தலைப்பு, சுருக்கம், முகவரி ஆகியவற்றை ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைக்கும். வாசகரின் மென்பொருள் அவ்வப்போது போய் எட்டிப் பார்த்து, புதிதாக இருப்பதை எடுத்துவரும். நடுவில் தரகர் கிடையாது. கடைசியாக வந்தது மேலே, அவ்வளவுதான் வரிசை.

நெட்ஸ்கேப் சீக்கிரமே கைகழுவிவிட, உறவினர்களிடம் வளர்ந்த பிள்ளைக்கு நேர்வதெல்லாம் இதற்கும் நேர்ந்தது. மூன்றெழுத்துக்கு என்ன விரிவு என்பதிலேயே சண்டை. ஒரு பக்கம் 2000 டிசம்பரில் 1.0 பதிப்பை வெளியிட்ட குழு. அதில் இருந்த நிரலர் ஆரன் ஸ்வார்ட்ஸுக்கு அப்போது 14 வயது. மறுபக்கம் டேவ் வைனர், 2002இல் 2.0. இந்தத் தகராறே வேண்டாம் என்று ஆட்டம் என்ற பெயரில் தனிக்குடித்தனம் போனவர்கள் ஒரு சாரார். வாசகருக்கு இதெல்லாம் தெரியாது. எதைக் கொடுத்தாலும் அவருடைய மென்பொருள் படித்துவிட்டது.

2005 அக்டோபரில், ஓடைகளைச் சேர்த்துப் படிக்க கூகுள் ரீடர் வந்த பிறகுதான் ஓடை எனக்கு வெள்ளமானது. சேர்ப்பதற்குக் காசில்லை, ஒரு சொடுக்குப் போதும். கல்யாண வீட்டில் பரிமாறுகிறவர் கேட்கக் கேட்கத் தலையாட்டியவனின் இலை மாதிரி ஆயிற்று என் பட்டியல். படிக்காதவற்றின் எண்ணிக்கையை ரீடர் தடித்த எழுத்தில் காட்டும். ஆயிரத்தைத் தாண்டினால் அதுவும் எண்ணுவதை நிறுத்திவிட்டு "1000+" என்று போட்டுவிடும். எல்லாவற்றையும் படித்ததாகக் குறிக்க ஒரு பொத்தானும் இருந்தது. என் பழைய பேப்பர்க்காரர் அங்கேதான் ஒளிந்திருந்தார். அதை அழுத்த எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று.

அதற்குள் வேறொரு வழி தானாகவே திறந்துகொண்டது. ரீடரில் பகிர்வு என்று ஒரு வசதி. எனக்குத் தெரிந்த ஏழெட்டுப் பேர் தாங்கள் படித்ததில் நல்லதைப் பகிர்வார்கள். அது மட்டும் தனிப் பட்டியலாக வரும். ஒருவர் சட்டம், ஒருவர் பழைய சினிமா, இன்னொருவர் எறும்புகளைப் பற்றி மட்டும். மூட்டையை அவர்கள் புடைத்தார்கள், அரிசி எனக்கு வந்தது. 2008இல் நியூயார்க்கில் பேசிய இணைய எழுத்தாளர் கிளே ஷெர்கி, நம் சிக்கல் தகவல் மிகுதி அல்ல, வடிகட்டி பழுதானதுதான் என்றார். அந்தப் பழுதைச் சரிசெய்ய என் ஏழெட்டுப் பேர் போதுமானவர்களாக இருந்தார்கள்.

தமிழில் இதையே கூட்டாகச் செய்துகொண்டிருந்தது காசி ஆறுமுகம் 2004இல் தொடங்கிய தமிழ்மணம். பதிவுகளின் ஓடைகளை ஒரே முற்றத்தில் சேர்த்த திரட்டி அது. வாரம் ஒரு நட்சத்திரப் பதிவர் உண்டு. புதிதாகப் பின்னூட்டம் வாங்கிய இடுகைகளுக்குத் தனி இடம் உண்டு. மனிதர்கள் விடுவார்களா? அந்த இடத்தில் நிற்பதற்காகவே நண்பர்கள் கூடிப் பின்னூட்டத்தில் கும்மியடித்தார்கள். கவனத்தை எண்ணிக்கையால் அளந்தால் என்ன ஆகும் என்பதைச் சமூக ஊடகம் பரவுவதற்கு முன்பே நாம் சின்ன அளவில் ஒத்திகை பார்த்துவிட்டோம்.

2011 அக்டோபரில் கூகுள் தன் புதிய கூகுள் பிளஸுக்கு ஆள் சேர்ப்பதற்காக ரீடரின் பகிர்வு வசதியை எடுத்தது. ஈரானில் அதன் வலி வேறு மாதிரி இருந்தது. தளத்தை அரசு தடுத்தாலும், ரீடருக்குள் ஏற்கெனவே வந்துவிட்ட கட்டுரையைப் படித்துப் பகிர்ந்து விவாதித்தவர்கள் அங்கே ஏராளம். பயன்பாடு குறைந்துவிட்டது என்ற காரணத்தோடு 2013 ஜூலை 1 அன்று ரீடரும் மூடப்பட்டது. முக்கியமான வசதியைப் பிடுங்கிவிட்டு ஆள் குறைந்துவிட்டது என்று சொன்னது எனக்கு இன்றும் ஜீரணமாகவில்லை.

ஓடையின் ஆங்கிலப் பெயரான 'ஃபீட்' என்பதை ஃபேஸ்புக் 2006லேயே எடுத்துக்கொண்டிருந்தது. பெயர்தான் ஒன்று, பிராணி வேறு. செய்தியோடைக்குத் தரை உண்டு: கடைசிக் கட்டுரையைப் படித்தால் எண்ணிக்கை பூஜ்யமாகும். அந்த எண் என்னை உறுத்தியது, ஆனால் பொய் சொல்லவில்லை. சமூக ஊடகத்தில் எண்ணும் இல்லை, தரையும் இல்லை. வரிசையை யார் எதற்காக மாற்றுகிறார்கள் என்றும் தெரியாது. ட்விட்டரில் நல்லதைப் பகிர்கிறவர்களாகத் தேர்ந்து பட்டியல் போட்டு அந்த ஏழெட்டுப் பேரை மீட்க முயன்றேன். எறும்புக்காரர்கூட அங்கே தேர்தல் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

ஆரஞ்சுச் சதுரம் உலாவிகளிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தது. 2018 டிசம்பரில் ஃபயர்பாக்ஸ் தன் ஓடை வசதிகளையும் நீக்கியது. ஆனாலும் ஓடை சாகவில்லை, வேலைக்காரச் சீருடையில் பின்கட்டுக்குப் போய்விட்டது. பேருந்தில் காதில் மாட்டிக்கொண்டு பாட்காஸ்ட் கேட்கிறவருக்குப் புதிய அத்தியாயம் வந்திருப்பதைச் சொல்வது பெரும்பாலும் இதே கோப்புதான்.

என் பட்டியலில் இப்போது இருபத்திரண்டு ஓடைகள் இருக்கின்றன. புதிதாக ஒன்று சேர்த்தால் பழையது ஒன்று போக வேண்டும். போன வாரம் ஒரு சிற்றிதழின் தளத்தில் சதுரத்தைத் தேடினேன், எங்குமே இல்லை. பக்கத்தின் அடியில் வேர்ட்பிரஸ் என்று பொடி எழுத்தில் இருந்தது. முகவரியின் வாலில் ஒரு சாய்கோடு போட்டு, ஆங்கிலத்தில் ஃபீட் என்று தட்டினேன். வந்தது, மொத்தம் பத்துத் தலைப்புகள்.