நட்பை நட்டவர்: வழக்கறிஞர் பால் ஹாரிஸ்

வள்ளுவர் நட்புக்கென ஐந்து அதிகாரங்கள் வகுத்தார். நட்பு இனிது என்று சொல்ல ஓர் அதிகாரம் போதும். ஆராய்ந்து தேர்வதற்கும், பழகியதைப் பேணுவதற்கும், தீயதையும் கூடாததையும் விலக்குவதற்கும் மேலும் நான்கு அதிகாரங்கள் வேண்டியிருந்தன. நட்பு என்பது வாய்ப்பதோடு முடிவதன்று. வாழ்நாள் முழுதும் காக்கப்பட வேண்டியது என்பதே அவ்வைந்தின் திரண்ட கருத்து எனலாம். நட்பையே தொண்டாகவும், தொண்டையே நாடுகளுக்கிடையே பாலமாகவும் ஆக்க முயன்ற ஒரு வழக்கறிஞரின் வரலாறு இக்கருத்துக்கு நல்லதோர் உரையாக அமைகிறது. அவர் சுழற்சங்கம் என்று தமிழில் வழங்கும் ரோட்டரி இயக்கத்தைத் தோற்றுவித்த பால் ஹாரிஸ்.

பாட்டனார் வீட்டுப் பிள்ளை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து ரசீன் நகரில் 1868 ஏப்ரல் 19 அன்று பால் ஹாரிஸ் பிறந்தார். தந்தையின் வணிகம் நொடித்தது. மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபோதே வெர்மான்ட் மாநிலத்தில் வாலிங்ஃபோர்டு என்னும் சிற்றூரில் வாழ்ந்த பாட்டனார் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். மலைகள் சூழ்ந்த அவ்வூரில் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைக்கும் அண்டை அயலாரிடையே அவர் வளர்ந்தார். பிற்காலத்தில் அவர் தேடியதெல்லாம் அச்சிற்றூரின் உறவைத்தான்.

1891-இல் அயோவா பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றார். உடனே நீதிமன்றம் புகவில்லை. ஐந்தாண்டுகள் உலகைப் பார்த்துவிட்டே தொழில் தொடங்குவது என்று உறுதி பூண்டார். செய்தியாளராகவும், பழம் பறிக்கும் கூலியாளாகவும், நாடக நடிகராகவும், விடுதியின் இரவு எழுத்தராகவும், சலவைக்கல் விற்பனையாளராகவும் ஊர் ஊராகத் திரிந்தார். மாடுகளை ஏற்றிச் செல்லும் கப்பலில் வேலை பார்த்து இங்கிலாந்துக்கும் சென்றார். மனிதர் எத்தொழில் செய்யினும் மனிதரே என்பதை அவர் கற்றது சட்ட நூல்களில் அன்று, இப்பயணத்தில்தான்.

சிகாகோவில் ஒரு மாலை

1896-இல் சிகாகோவில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். தொழில் வளர்ந்தது; தனிமையும் உடன் வளர்ந்தது. அறிமுகமானோர் பலர், நண்பர் சிலரும் இலர் என்னும் நிலை. 1900-ஆம் ஆண்டில் ஒருநாள் உடன்தொழில் புரிந்த ஒருவர் அவரைத் தம் புறநகர் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். உணவுக்குப் பின் இருவரும் கடைவீதியில் நடந்தனர். கடைக்குக் கடை நின்று, ஒவ்வொரு வணிகரையும் பெயர் சொல்லி அழைத்து அறிமுகம் செய்துவைத்தார் நண்பர். வாலிங்ஃபோர்டு அப்பெருநகரில் மீண்டும் ஒருமுறை தோன்றி மறைந்தது போல் இருந்தது ஹாரிசுக்கு. அவ்வெண்ணம் ஐந்தாண்டுகள் அவர் உள்ளத்தில் ஊறிக் கிடந்தது.

1905 பிப்ரவரி 23, வியாழக்கிழமை மாலை. சிகாகோ யூனிட்டி கட்டடத்தின் 711-ஆம் எண் அறையில் நால்வர் கூடினர். வழக்கறிஞர் ஹாரிஸ், நிலக்கரி வணிகர் சில்வெஸ்டர் ஷீல், சுரங்கப் பொறியாளர் கஸ்டாவஸ் லோர், தையற்கடை உரிமையாளர் ஹிராம் ஷோரி. ஒரு தொழிலுக்கு ஒருவரே உறுப்பினர் என்பது விதி. கூட்டம் ஒவ்வொருவர் பணியிடத்திலும் முறைவைத்துச் சுழன்று வந்ததால் சுழற்சி என்னும் பொருளில் ரோட்டரி என்ற பெயர் வந்தது. விரைவிலேயே சேர்ந்த அச்சகத்தார் ஹாரி ரகிள்ஸ் கூட்டத்தினரை எழுந்து நின்று பாட வைத்தார். வாதத்தில் முகம் சுளித்தவர்களும் பாட்டில் குரல் சேர்த்தனர். பாட்டு ஒரு கூட்டத்தைப் பிணைக்கும் என்பதைப் பாவலர்களுக்கு எடுத்துரைக்கத் தேவையில்லை.

சேர மறுத்தவர் செய்த உதவி

தொடக்கத்தில் அச்சங்கம் தொண்டுச் சங்கம் அன்று என்பதை மறைக்க வேண்டுவதில்லை. உறுப்பினர் தம்முள் வாணிகம் செய்துகொள்வதும் உறவாடுவதுமே நோக்கமாக இருந்தன. 1906-இல் காப்புரிமை வழக்கறிஞர் டொனால்ட் கார்ட்டர் என்பவரைச் சங்கத்தில் சேர அழைத்தனர். சட்ட விதிகளைப் படித்துப் பார்த்த அவர், தன்னலம் ஒன்றையே நாடும் சங்கத்துக்கு நெடிய வாழ்வில்லை என்று கூறிச் சேர மறுத்தார். மறுப்பைக் கேட்டு அவர்கள் சினக்கவில்லை. அவரையே ஒரு விதி எழுதித் தரச் செய்து, நகரின் நலம் நாடுதலும் சங்கத்தின் நோக்கம் என்று சேர்த்துக்கொண்டனர். கார்ட்டரும் உறுப்பினரானார்.

இம்மாற்றத்தைத் தம் வாழ்வின் திசையாகவே ஏற்றுக்கொண்டார் ஹாரிஸ். 1907-இல் சிகாகோ சங்கத்தின் தலைவரானார். அவ்வாண்டு சங்கம் மேற்கொண்ட முதற் பொதுப்பணி, நகரில் பொதுக் கழிப்பிடம் அமைக்கும் முயற்சி. பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய தொண்டு இத்துணை எளிய, எவரும் பாட்டெழுத எண்ணாத ஒரு தேவையிலிருந்து தொடங்கியது.

1908-இல் சான் பிரான்சிஸ்கோவில் இரண்டாவது சங்கம் எழுந்தது. 1910-இல் 16 சங்கங்கள் ஒன்றிணைந்தபோது ஹாரிஸ் முதல் தலைவரானார். 1911-இல் டப்ளினிலும் லண்டனிலும் சங்கங்கள் தோன்றின. 1912-இல் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். பின் வாழ்நாள் முழுதும் மதிப்புறு தலைவராக மட்டுமே விளங்கினார். நிர்வாகத்தை 1910 முதல் 1942 வரை செயலாளராக இருந்த செஸ்லி பெரி கட்டி வளர்த்தார். கட்டியவர் பெரியே என்று ஹாரிஸ் தயங்காது சொன்னார். தாம் தொடங்கியதைப் பிறர் கையில் விட்டு அமைந்திருத்தல் நிறுவனர் பலர்க்கும் வாய்க்காத பண்பு.

கடல் கடந்த சங்கங்கள்

இந்தியாவில் முதலாவதாகக் கல்கத்தாவில் ரோட்டரி வேரூன்றியது. கனடா நாட்டவரான ஜேம்ஸ் டேவிட்சன் 1928 முதல் 1931 வரை மனைவி, மகளுடன் கிழக்கு நோக்கிப் பயணம் செய்து ஊர்தோறும் சங்கம் நிறுவினார். தமிழர் வாழும் சென்னை, கொழும்பு, பினாங்கு, கோலாலம்பூர், சிங்கப்பூர் ஆகிய நகரங்களின் சங்கங்கள் அப்பயணத்தின் பயன். சென்னைச் சங்கம் 1929-இல் தோன்றியது.

ஹாரிசும் மனைவி ஜீனும் நாடு நாடாகச் சென்றனர். சென்ற இடமெல்லாம் அவர் நட்பின் அடையாளமாக மரக்கன்று நட்டார். 1932-இல் பெர்லினில் நட்டார். 1935-இல் டோக்கியோவில் நட்டார். பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் காணாமலே நட்புக் கொண்டனர். காணாதாரையும் நண்பராக்க இவர் மண்ணைத் தோண்டிக் கன்றை ஊன்றினார்.

அந்த நட்பைச் சோதிக்கும் காலம் விரைந்து வந்தது. நாஜி ஆட்சியில் 1937-இல் ஜெர்மானியச் சங்கங்கள் கலைந்தன. 1940-இல் ஜப்பானியச் சங்கங்களும் உலக அமைப்பிலிருந்து விலகின. மரம் நட்டவர் உயிரோடிருக்கும்போதே, மரம் நின்ற நாடுகள் ஒன்றையொன்று குண்டு வீசி அழித்தன. நட்புறவு போரைத் தடுத்துவிடும் என்று நம்பியவர்க்கு இதனினும் கொடிய விடை வேறில்லை.

எனினும் ஒன்று நிகழ்ந்தது. ஜப்பானில் பெயரை இழந்த சங்கத்தார் பலர் கூடுவதை விடவில்லை. ரோட்டரி என்ற சொல்லை நீக்கி, தாம் கூடும் கிழமையின் பெயரையே சங்கத்துக்குச் சூட்டிக்கொண்டு தொடர்ந்து சந்தித்தனர். 1949-இல் இரு நாட்டுச் சங்கங்களும் மீண்டும் உலக அமைப்பில் இணைந்தன. நட்பு போரைத் தடுக்கவில்லை. போர் முடிந்தபின் திரும்பி வருவதற்கு ஒரு வழியை அழியாமல் வைத்திருந்தது. ஹாரிசின் வாழ்வுப்பணியை அளக்கும் அளவுகோல் இதுவே.

அம்மறு இணைப்பைக் காண அவர் இல்லை. 1947 ஜனவரி 27 அன்று சிகாகோவில், 78-ஆம் வயதில் மறைந்தார். மலர் வேண்டா, அப்பணத்தை ரோட்டரி அறக்கட்டளைக்கு அளியுங்கள் என்பது அவர் விருப்பம். வந்து குவிந்த நன்கொடையால் அயல்நாட்டில் சென்று பயிலும் உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது; முதல் ஆண்டில் 18 மாணவர் பயன்பெற்றனர். முதல் நாள் உடனிருந்த ஷீலின் கல்லறைக்கு அருகிலேயே அவர் கல்லறையும் அமைந்தது.

வட்டத்துக்கு வெளியே

அவ்வியக்கத்தின் குறையையும் கூறுதல் வரலாற்றுக்கு நேர்மை. எல்லாரும் நண்பர் என்ற சங்கம் பெண்களை நெடுங்காலம் வாயிலிலேயே நிறுத்தியது. 1977-இல் கலிபோர்னியாவின் டுவார்ட்டே சங்கம் பெண்களைச் சேர்த்தபோது அதன் உரிமம் பறிக்கப்பட்டது. 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே நிலை மாறியது. 1989-இல் உலகெங்கும் விதி திருத்தப்பட்டது. ஒரு வழக்கறிஞர் தொடங்கிய சங்கத்தின் கதவைத் திறக்க ஒரு வழக்கே வேண்டியிருந்தது.

1985-இல் ரோட்டரி இளம்பிள்ளை வாத ஒழிப்பை உலகப் பணியாக ஏற்றது. இந்தியாவில் கடைசியாக அந்நோய் கண்டது 2011 ஜனவரியில். இலங்கையில் உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில், சொட்டு மருந்து வழங்கும் நாட்களிலேனும் வடக்கே துப்பாக்கிகள் ஓய்ந்திருக்க வேண்டுமென யுனிசெஃப் அமைப்புடன் சேர்ந்து பேச்சு நடத்தப்பட்டது. அப்பணிக்குழுவை வழிநடத்திய கொழும்பு நகரத்தார் கே. ஆர். ரவீந்திரன் 2015-16-இல் ரோட்டரியின் உலகத் தலைவரானார். போரை நிறுத்த எவராலும் இயலவில்லை. ஆயினும் குழந்தையின் வாயில் மருந்துத்துளி விழும் நாளில் வெடியோசை கேளாதிருக்கச் செய்ய இயன்றது.

நால்வர் ஓர் அறையில் கூடியபோது இதையெல்லாம் எவரும் எண்ணியிரார். அவர்கள் செய்தது ஒன்றே: அடுத்த கூட்டம் எவரிடத்தில் என்று கேட்டுக்கொண்டு, குறித்த நாளில் தவறாமல் வந்து சேர்ந்தனர். கூடும் வழக்கம் உடையோர்க்கு அந்த ஒன்றின் அருமை தெரியும். மரம் நடுவது ஒரு நாள் வேலை. நீர் ஊற்றுவது நாள்தோறும் செய்ய வேண்டிய வேலை.