நுவோ என்ற பிரெஞ்சுச் சொல்

2011 முதல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. அப்படித்தான் அவிநாசி வீடுகளில் லினக்ஸ் அறிமுகமானது. லினக்ஸ் போட்ட மேசைக்கணினிக்குக் கிராபிக்ஸ் கார்டு தேடுவோர் 'நுவோ' என்ற பெயரைக் காண்பார்கள். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அது பள்ளிநாள் சொல், பொருள் 'புதிய'.

என்விடியா நிறுவனம் தன் கார்டு இயங்கும் விவரங்களை வெளியிடவில்லை. அது இயங்குவதைக் கவனித்தே தன்னார்வலர்கள் டிரைவர் எழுதினார்கள். தொடங்கியவர் 'என்வி' என்று தட்ட, அவருடைய அரட்டை மென்பொருள் 'நுவோ' என்று திருத்தியதாம். அதுவே பெயராயிற்று. 2010-இல் அது லினக்ஸ் கெர்னலிலேயே சேர்ந்தது. ஏஎம்டி நிறுவனமோ 2007-லேயே ரேடியான் கார்டுகளின் ஆவணங்களை வெளியிடத் தொடங்கிவிட்டது.

என்விடியாவின் 900, 1000 வரிசைக் கார்டுகள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் நிறுவனம் போட்ட மென்பொருள் பூட்டினால், நுவோவில் அவை முழு வேகம் எடுப்பதில்லை. நிறுவனத்தின் சொந்த டிரைவரோ, அவர்கள் நிறுத்தும் நாள்வரைதான். தட்டச்சுக்கும் வீடியோவுக்கும் பிராசசரோடு வரும் கிராபிக்ஸே போதும். தனிக் கார்டு வேண்டுமென்றால் ரேடியான் பாருங்கள்.

பம்புசெட்டு வாங்கும்போது, நம்மூர் மெக்கானிக்கால் பிரித்துப் பார்க்க முடியுமா என்று கேட்கிறோம் அல்லவா? பென்ஷன் பணத்தில் வாங்கும் கார்டுக்கும் அதே கேள்விதான்.