கூட்டமும் காவலும்: மன்செஸ்ரர் தந்த சட்டம் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

ஆயிரக்கணக்கானோர் கூடும் ஓரிடத்தில் அவர்களுடைய உயிருக்குப் பொறுப்பாளி யார் என்னும் வினாவிற்குப் பிரித்தானியச் சட்டம் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆந் திகதி ஒரு விடையை அளித்தது. பயங்கரவாதத் தாக்குதல்களிலிருந்து பொதுவிடங்களைப் பாதுகாத்தற் பொருட்டு அன்று நிறைவேறிய சட்டம் ‘மார்ட்டின் சட்டம்’ என வழங்கப்படுகின்றது. 2017 மே 22ஆந் திகதி இரவு மன்செஸ்ரர் அரங்கில் இசை நிகழ்ச்சி முடிந்து மக்கள் வெளியேறிக்கொண்டிருந்தபோது தற்கொலைக் குண்டுதாரி ஒருவனால் கொல்லப்பட்ட 22 பேருள் ஒருவரான மார்ட்டின் ஹெற்றின் பெயர் அது. அவருடைய தாயார் ஃபிஜென் மறே பல்லாண்டுகள் நடத்திய இயக்கமின்றி இச்சட்டம் பிறந்திராது. 2024இல் அவர் மன்செஸ்ரரிலிருந்து இலண்டன் வரை நடந்தே சென்றார். எனினும் ஒரு தாயின் வெற்றி என்று இதனை எழுதி முடிப்பது வரலாற்றைச் சுருக்குவதாகும். இச்சட்டத்திற்கு ஒரு முன்மரபு உண்டு. அது தொழிற்சாலைச் சட்டங்களின் மரபு. அதன் முக்கிய களங்களுள் ஒன்றும் மன்செஸ்ரரே.

1819 ஓகஸ்ட் 16ஆந் திகதி இந்நகரின் சென். பீற்றர் திடலில் வாக்குரிமை கோரிக் கூடிய மாபெருங் கூட்டத்தின் மீது குதிரைப்படை ஏவப்பட்டது. குறைந்தது பதினைந்து பேர் மாண்டனர். அன்று கூட்டத்திற்கு ஆபத்தாக வந்தது அரசே என்பதை, கூட்டத்தின் காவலைப் பற்றிப் பேசுவோர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

ஆலைகளினுள்ளே நிலைமை வேறு வகையானது. 1833ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நான்கு பரிசோதகர்கள் நியமிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான லெனாட் ஹோணரின் அறிக்கைகளை மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலிற் பெரிதும் பயன்படுத்தியமை யாவரும் அறிந்ததே. 1844ஆம் ஆண்டுச் சட்டம் இயந்திரங்களுக்கு வேலியிடும் கடமையை ஆலை உரிமையாளர் மீது சுமத்தியது. அதற்கு அவர்கள் காட்டிய மறுமொழி கவனத்திற்குரியது. 1855இல் அவர்கள் மன்செஸ்ரரில் ஒரு சங்கம் அமைத்து அவ்விதியை எதிர்த்தனர். மறு ஆண்டே விதி தளர்த்தப்பட்டது. கடமையைச் சட்டம் எழுதலாம். ஆனால் அதன் எடையைத் தீர்மானிப்பது வர்க்க பலமாகும்.

புதிய சட்டத்தின் மையத்தில் உள்ள சொற்றொடரும் இம்மரபினின்றே வந்தது. இடத்திற்குப் பொறுப்பானவர் ‘நியாயமான அளவில் நடைமுறைச் சாத்தியமான’ ஒழுங்குகளைச் செய்ய வேண்டும் என்கின்றது சட்டம். இத்தொடரின் பொருளை விளக்கிய புகழ்பெற்ற தீர்ப்பு 1949இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மரணம் குறித்து எழுந்த வழக்கில் வழங்கப்பட்டது. சுரங்கப் பாதை இடிந்து அவர் மாண்டார்; எல்லாப் பாதைகளுக்கும் முட்டுக் கொடுப்பதாயின் செலவு கட்டுப்படியாகாது என்றது தேசிய நிலக்கரிச் சபை. தராசின் ஒரு தட்டில் ஆபத்தையும் மறு தட்டில் பணம், நேரம், சிரமம் என்பவற்றையும் இட வேண்டும். செலவு மிகப் பெரிதும் விஞ்சினாலன்றிக் கடமையினின்று தப்பவியலாது என நீதிமன்றம் கூறியது. சபை தோற்றது. ஆயினும் உயிரையும் பணத்தையும் ஒரே தராசில் நிறுக்கலாம் என்னும் ஏற்பாடு நிலைபெற்றது. 1974ஆம் ஆண்டுத் தொழிற் பாதுகாப்புச் சட்டம் அதனை எல்லாத் தொழிலிடங்களுக்கும் விரித்தது. 2025இல் அது இசையரங்கினுள்ளும் நுழைந்துள்ளது.

இத்தராசு 2017இன் அந்த இரவில் எவ்வாறு இயங்கிற்று? நீதியரசர் சோண்டர்ஸ் தலைமையிலான பகிரங்க விசாரணையின் முதலாவது அறிக்கை 2021 ஜூனில் வெளிவந்தது. குண்டு வெடித்தது நுழைவுச்சீட்டு பார்க்கும் கதவுகளுக்கு வெளியே, புகையிரத நிலையத்தோடு அரங்கை இணைக்கும் முன்கூடத்தில். சொத்தின் எல்லை கதவோடு முடிந்தது. கூட்டமோ அங்கு முடிவதில்லை. குண்டுதாரி காத்திருந்த மேற்தளம் கண்காணிப்புக் கமராக்களின் பார்வைக்கு எட்டவில்லை. அரங்கை நடத்திய நிறுவனம், காவற்பணியை ஒப்பந்தத்தில் ஏற்ற நிறுவனம், புகையிரதப் பொலிசார் ஆகிய மூன்று தரப்பின் மீதும் அறிக்கை தவறு கண்டது. வெடிப்பு நிகழ்ந்த கணத்தில் முன்கூடத்திற் பொலிசார் எவரும் இருக்கவில்லை.

அவ்வேளை அங்கு நின்றவர் யார்? பதின்ம வயது கடவாத காவற் பணியாளர்கள். ஏறத்தாழக் கால் மணி நேரத்திற்கு முன் பெற்றோர் ஒருவர் அம்மனிதனைப் பற்றி அவர்களுள் ஒருவரிடம் முறையிட்டார். முறையீட்டைக் கேட்ட இளைஞரிடம் வானொலிக் கருவி இல்லை. தமது இடத்தை விட்டு அகலவும் அவரால் இயலவில்லை. கருவி வைத்திருந்த மற்றவர் முயன்றும் தொடர்பு கிடைக்கவில்லை. தாம் தவறாகச் சந்தேகித்தால் இனவாதி எனப் பழி வருமோ என்றும் அவர் அஞ்சினார். அந்த அச்சத்தைச் சிலர் பரிகசித்தனர். கட்டளை பெறுவதற்கு மட்டும் பழக்கப்பட்ட ஓர் இளந்தொழிலாளி முடிவெடுக்கும் அதிகாரமின்றித் தனியே விடப்பட்டமைதான் இங்கு நோக்கற்பாலது.

புதிய சட்டம் 200 பேர் முதல் 799 பேர் வரை கூடும் இடங்களுக்கு வெளியேற்றம், உள்ளே பாதுகாத்தல், வாயிலடைப்பு, அறிவித்தல் ஆகிய ஒழுங்குகளை விதிக்கின்றது. 800 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடினால் கண்காணிப்பு, மக்கள் நடமாட்டக் கட்டுப்பாடு முதலியனவும் அவற்றை விளக்கும் எழுத்து ஆவணமும் வேண்டும். 2023ஆம் ஆண்டு வரைவில் தொடக்க எல்லை 100 ஆக இருந்தது. கிராம மண்டபங்களும் சிறு சங்கங்களும் சுமை தாங்கா என்ற வாதத்தின் பின் அது உயர்ந்தது. அவ்வாதத்தை 1855ஆம் ஆண்டு ஆலை முதலாளிகளின் கூச்சலோடு ஒன்றாக எண்ணுதல் நியாயமன்று. தொண்டர்கள் நடத்தும் மண்டபம் வேறு, இலாபத்திற்கு இயங்கும் பேரரங்கு வேறு. பேரரங்குகளுக்கான தண்டம் 1 கோடியே 80 இலட்சம் பவுண் அல்லது உலகளாவிய வருமானத்தில் நூற்றுக்கு ஐந்து, இவற்றுள் எது கூடியதோ அது வரை செல்லலாம். ஹோணருக்கு இத்தகைய கருவி கிடைத்ததில்லை.

மேற்பார்வைப் பொறுப்பு தனியார் பாதுகாப்புத் தொழிலை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையிடம் ஒப்படைக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அச்சபையின் பிரதான வேலை காவலாளிகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவதாகும். தொழிலாளியைப் பரிசோதித்துப் பழகிய நிறுவனம் இனி உரிமையாளரைப் பரிசோதிக்க வேண்டும். ஆயத்தத்திற்குக் குறைந்தது 24 மாதங்கள் குறிக்கப்பட்டன. பெரிய அரங்குகளை நடத்தும் நிறுவனங்கள் உயர்நிலை அலுவலர் ஒருவரைப் பொறுப்பாளியாகப் பெயர் குறிப்பிட வேண்டும் என்பது இச்சட்டத்தின் சிறந்த பகுதி. ஆனால் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே 1978 முதல் தொழிற்சங்கங்கள் பாதுகாப்புப் பிரதிநிதிகளை நியமிக்கும் உரிமையைப் பெற்றதுபோல, வாயிலில் நிற்கும் பணியாளருக்குக் குரல் தரும் ஏற்பாடு எதனையும் இச்சட்டத்திற் காணவில்லை. முன்கூடத்தில் நின்ற அந்த இளைஞரிடம் வானொலிக் கருவி இருக்க வேண்டுமா என்பதை இன்னமும் அவருக்கு மேலுள்ளவரே முடிவு செய்வார்.