ஒரு ‘டக்’ பிறந்த கதை

டைப்ரைட்டிங் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்: எழுத்து விழுந்ததா என்பதைக் கண் பார்ப்பதற்கு முன்பே காது சொல்லிவிடும். விரல் அழுத்தும், கம்பி எழும்பி ரிப்பன்மேல் அறையும், தாளுக்குப் பின்னாலிருக்கும் ரப்பர் உருளை ‘டப்’ என்று பதில் தரும். அந்தச் சத்தத்தை யாரும் உட்கார்ந்து வடிவமைக்கவில்லை. வேலை நடந்தது, சத்தம் கூடவே வந்தது.

கணினியின் கீபோர்டில் அப்படி எதுவும் அறைய வேண்டியதில்லை. மின்சுற்றில் ஒரு சின்ன மாற்றம் நிகழ்ந்தால் போதும், எழுத்து திரையில் வந்துவிடும். ஆனால் 1970-களில் அந்தத் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்தவர்களில் பலர் தட்டச்சுப் பொறியில் பழகியவர்கள். அவர்கள் விரலும் காதும் ஒரு பதிலை எதிர்பார்த்தன. அந்தப் பதில் வராதபோது கை தயங்கியது, கண் திரும்பத் திரும்பத் திரைக்குப் போய்ச் சரிபார்த்தது.

ஐபிஎம் நிறுவனத்துக்கு இது நன்றாகவே புரியும். கணினிக்கு நிகராகத் தட்டச்சுப் பொறியிலும் பேர் வாங்கிய கம்பெனி அது. எழுத்துகள் பொறித்த உருண்டை சுழன்று சுழன்று தாளில் அடிக்கும் செலக்ட்ரிக் பொறியை 1961-ல் கொண்டுவந்தது அவர்கள்தான். அதைச் செய்த தொழிற்சாலை அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லெக்சிங்டன் நகரில் இருந்தது. ஆகவே அவர்களுடைய ஆரம்பகாலக் கணினி முனையங்களின் (டெர்மினல்) கீபோர்டுகளில் ஒவ்வொரு விசைக்குக் கீழேயும் ஒரு தகட்டு வில் இருந்தது. அழுத்தினால் அது சட்டென்று மறுபக்கம் புரளும், விரலுக்கு ஒரு துள்ளல் கிடைக்கும். அதுவும் போதாதென்று சில டெர்மினல்களில் உள்ளே ஒரு சோலனாய்டையும் வைத்தார்கள். விசை அழுத்தப்பட்டதை மின்சுற்று உணர்ந்ததும் மின்காந்தம் ஒரு சிறு இரும்பை இழுத்துக் கூட்டின்மேல் தட்டும்.

சாப்பிடாமலே ஏப்பம் விடுகிற மாதிரிதான் இது. ஆனாலும் அதைக் கேலி செய்துவிட முடியாது. சத்தம் செயற்கையானது என்றாலும் அது சொன்ன சேதி உண்மை. குறை வேறு இடத்தில் இருந்தது: தகட்டு வில் பொறிமுறைக்கு விசை ஒவ்வொன்றுக்கும் ஏகப்பட்ட உதிரி பாகங்கள், உயரமும் அதிகம், செலவும் அதிகம். இதே வேலையை இன்னும் குறைந்த பாகங்களில் செய்ய முடியுமா?

விடை சொன்னவர் ரிச்சர்ட் ஹன்டர் ஹாரிஸ் என்ற ஐபிஎம் பொறியாளர். 1972-ல் அவருக்குக் கிடைத்த காப்புரிமையின் தலைப்பே வேடிக்கையானது. தமிழில் சொன்னால், ‘பேரழிவாக மடங்கும் அழுத்தத் தூண் சுவிட்ச்’ என்று வரும். கீபோர்டு விசைக்குள் என்ன பேரழிவு?

ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை மேசைமேல் செங்குத்தாக நிறுத்தி, உச்சியை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். கொஞ்ச நேரம் அசையாமல் தாங்கும். இன்னும் சற்று அழுத்தினால் திடீரென்று ஒரு பக்கமாக வளைந்து கொடுத்துவிடும். மெல்லிய தூண் எவ்வளவு பாரத்தில் இப்படி நிலைகுலையும் என்று 1744-லேயே கணக்குப் போட்டுக் காட்டியவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த கணித மேதை லியோனார்டு ஆய்லர். பாலமும் கட்டடமும் கட்டுகிறவர்களுக்கு இந்த மடங்கல் கெட்ட கனவு. முன்னறிவிப்பு தராமல் வரும் என்பதால்தான் அதைப் பேரழிவு என்கிறார்கள். ஹாரிஸுக்கு வேண்டியிருந்ததும் அந்தத் ‘திடீர்’தான். தூணுக்குப் பதிலாக ஒரு சுருள் ஸ்பிரிங்கை வைத்தார். எல்லோரும் தவிர்க்கப் பார்க்கும் விபத்தை, விசையை அழுத்தும்போதெல்லாம் தவறாமல் நடக்க வைத்தார்.

உள்ளே நடப்பதைப் பார்க்க ஒரு பழைய ஐபிஎம் கீபோர்டில் ஒரு விசையின் மூடியை நெம்பி எடுத்தால் போதும். கீழே ஒரு சிறு குழல். அதற்குள் ஒரு மெல்லிய ஸ்பிரிங் நேராக நிற்காமல், தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு நிற்கும். பார்த்தால் பழுதாகிவிட்டதோ என்று தோன்றும். பழுதில்லை, அந்தச் சாய்வில்தான் சூட்சுமம். நேராக நிற்கிற ஸ்பிரிங் எந்தப் பக்கம் மடங்கும் என்று யாருக்கும் தெரியாது. சாய்ந்து நிற்பது எப்போதும் ஒரே பக்கம்தான் மடங்கும்.

மூடியை அழுத்தும்போது ஸ்பிரிங் முதலில் சாதுவாகச் சுருங்குகிறது. விரலுக்கு எதிர்ப்பு கூடிக்கொண்டே போகிறது. ஏறத்தாழ 65 முதல் 70 கிராம் அழுத்தம் வந்ததும் அதன் இடுப்பு ஒடிகிறது. நடுப்பகுதி பக்கவாட்டில் துள்ளிக் குழலின் சுவரில் அடிக்கிறது: ‘டக்’. அதே நொடியில் ஸ்பிரிங்கின் அடியில் பொருத்தியிருக்கும் சிறு பிளாஸ்டிக் சுத்தி ஏற்றப்பலகைபோல் மறுபக்கம் சாய்கிறது. எழுத்தைக் கணினிக்குச் சொல்வது இந்தச் சுத்திதான். விரலை எடுத்தால் ஸ்பிரிங் நிமிர்கிறது, சுத்தி பழைய இடத்துக்குத் திரும்புகிறது, இன்னொரு சத்தம் வருகிறது. அதனால்தான் வேகமாகத் தட்டுபவர் கையில் அது ஒற்றை ஒலியாக இல்லாமல் ‘டக்-டொக்’ என்று இரட்டையாகக் கேட்கிறது. அதன் பின்னால் ஸ்பிரிங் அதிர்ந்து அடங்கும் மெல்லிய ‘ணிங்’ ஒன்றும் உண்டு.

எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும் இந்த ‘டக்’கை ஏமாற்ற முடியாது. எல்லை தாண்டியதும் மடங்குவது ஸ்பிரிங்கின் முடிவு, விரலின் முடிவு அல்ல. வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரத்தில் பூனைபோல் தட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தப் பிடிவாதம் புரியும்.

ஹாரிஸின் அடுத்த காப்புரிமை 1978-ல் வந்தது. அதன்வழி உருவான கீபோர்டு மாடல் எஃப். அதில் சுத்தி எந்த மின்முனையையும் தொட்டு இணைப்பதில்லை. மின்தடத் தகட்டின் மேல் அது புரளும்போது அங்குள்ள மின்தேக்கத் திறன் மாறுகிறது, மின்சுற்று அதை உணர்ந்துகொள்கிறது. உலோகமும் உலோகமும் உரசாததால் தேய்மானம் மிகக் குறைவு. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வெளிவந்தபோது கூடவே வந்தது 83 விசைகள் கொண்ட மாடல் எஃப். எடை இரண்டரைக் கிலோவுக்கு மேல். உள்ளே வளைத்த இரும்புத் தகடு. நாற்பது ஆண்டு கழித்துத் திறந்தால் நடுவே வைத்த நுரைப்பஞ்சு பொடிப்பொடியாக உதிரும். அதைத் துடைத்துப் புதிதாக ஒன்றை வெட்டி வைத்தால் பெரும்பாலும் மறுபடி வேலை செய்யும்.

1985-ல் வந்த மாடல் எம், செலவைக் குறைக்கப் பிறந்த தம்பி. ஸ்பிரிங் அதேதான், சுத்தியும் உண்டு. ஆனால் கீழே மின்தேக்கத் தகடு போய், மின்தடம் அச்சிட்ட பிளாஸ்டிக் தாள்கள் வந்தன. சுத்தி அவற்றை ஒன்றோடொன்று அழுத்தினால் எழுத்து. இரும்புத் தகட்டையும் பிளாஸ்டிக் சட்டகத்தையும் சேர்த்துப் பிடிப்பவை உருக்கி அழுத்திய பிளாஸ்டிக் மொட்டுகள். வயதாக ஆக அவை ஒவ்வொன்றாகத் தெறிக்கும், சத்தமும் தொளதொளவென்று ஆகும். அந்த இடங்களில் துளையிட்டுச் சிறு திருகுகளைப் பூட்டிச் சரிசெய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஸ்பிரிங்கின் ‘ணிங்’ பிடிக்காதவர்கள் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு ஸ்பிரிங்குக்குள்ளும் நுழைத்துவிடுவார்கள். அதிர்வு அடங்கும், ‘டக்’ மட்டும் மிஞ்சும்.

ஜெர்மனியின் செர்ரி நிறுவனத்தின் கீபோர்டு சுவிட்சில் கதை வேறு. நீல நிறத் தண்டு உள்ள வகையில், தண்டோடு தளர்வாகச் சேர்ந்த ஒரு சிறு வளையம் கீழே துள்ளி ‘டிக்’ என்கிறது. எழுத்தைச் சொல்வதோ பக்கத்தில் இருக்கும் வேறொரு உலோக இதழ். இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்கும்படி அமைத்திருக்கிறார்கள், என்றாலும் வேலைகள் இரண்டு. ஹாரிஸின் ஸ்பிரிங்கில் வேலை ஒன்றே. விரல் உணரும் தளர்வு, காது கேட்கும் ‘டக்’, கணினிக்குப் போகும் எழுத்து மூன்றுக்கும் ஒரே மடங்கல்தான் தாய்.

இத்தனை இருந்தும் விலைப் போட்டியில் அது தோற்றது. ரப்பர் குமிழ் கீபோர்டுகள் மலிவாக வந்து குவிந்தன. 1991-ல் ஐபிஎம் தன் லெக்சிங்டன் தொழிலைப் பிரித்து லெக்ஸ்மார்க் என்ற கம்பெனியாக்கியது. 1996-ல் லெக்ஸ்மார்க்கும் இந்தக் கீபோர்டைக் கைவிட, யூனிகாம்ப் என்ற சிறு நிறுவனம் அச்சுகளையும் இயந்திரங்களையும் வாங்கிக்கொண்டு அதே ஊர்ப்பக்கம் தயாரிப்பைத் தொடர்ந்தது. நம் கைபேசிக் கண்ணாடியோ எழுத்தைத் தொட்டதும் பதிவுசெய்த ஒரு ‘டிக்’கை ஒலிக்கிறது. பழைய சோலனாய்டு பேரன் உருவில் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கழற்றிய மூடியைத் திரும்பப் போட ஒரு முறை உண்டு. கீபோர்டு படுத்திருக்கும்போது மாட்டக்கூடாது, சாய்ந்து நிற்கும் ஸ்பிரிங் மூடிக்குள் சரியாக உட்காராது. கீபோர்டைச் சுவரோரம் நிறுத்துவதுபோல் செங்குத்தாகப் பிடித்தால் ஸ்பிரிங் தானாகக் குழலின் நடுவுக்கு வரும். அப்போது மூடியை அழுத்த வேண்டும். சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்கக் கணினியோடு இணைக்கத் தேவையில்லை, ஒருமுறை தட்டினால் போதும். ஸ்பிரிங் இடம் மாறியிருந்தால் விசை கீழே போகும், சத்தம் வராது. இணைத்துப் பார்த்தால் எழுத்தும் வராது.