கட்டிலை விட்டு இறங்கிய வைத்தியம்

கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஒரு புறம் ஜவ்வாது மலைத்தொடரும் மறுபுறம் சித்தேரி மலைகளும் நெருங்கிவந்து நடுவே ஒரு வாசல்மட்டும் விட்டுக்கொடுத்தாற்போல் நிற்கும் இடத்தில் சிங்காரப்பேட்டை அமைந்திருக்கிறது. மைசூர்ப் பீடபூமியிலிருந்து கர்நாடகச் சமவெளிக்கு இறங்குவோர் நெடுங்காலம் கையாண்ட செங்கம் கணவாயின் தலைமாடு இவ்வூர். 1767-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஹைதர் அலியின் சேனைக்கும் கிழக்கிந்தியக் கும்பினிப் படைக்கும் செங்கத்தில் போர் மூண்டதும், 1780-இல் ஹைதர் பெருஞ்சேனையோடு மீண்டும் இறங்கியதும் இக்கணவாயில்தான். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் என்னும் இச்சீமை கும்பினியார் வசமான பிறகு பீரங்கி வண்டிகள் நின்றன. பொதிமாடுகளும் பாரவண்டிகளும் நிற்கவில்லை.

சேனையும் சரக்கும் செல்லும் பாதையில் நோயும் செல்லும். எலும்புருக்கி என்று நம் முன்னோரும், க்ஷயம் என்று வைத்தியரும், காசநோய் என்று இன்று நாமும் சொல்லுகிற வியாதி, பட்டணத்து ஆலைகளுக்குப் பிழைக்கப் போனவனோடு ஊர் திரும்பி, அவன் இருமலில் கலந்து, ஒரே கூரையின் கீழ்ப் படுத்துறங்கும் பிள்ளைகளைப் பற்றுவது. அந்நோயை வெல்லத் தென்னாட்டில் பல ஸ்தாபனங்கள் ஒன்றுகூடிய வரலாற்றை எழுத முனைகையில், ஆஸ்பத்திரி மாளிகைகளிலிருந்து தொடங்காமல் இக்கணவாயூரிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு: அந்த மாளிகைகளில் ஒன்றேனும் இங்கே கட்டப்படவில்லை, கட்டப்படவும் போவதில்லை.

1930-களில் இவ்வட்டாரத்துக் குடியானவன் ஒருவனுக்கு மார்பு நோய் கண்டிருந்தால் அவனுக்கு எந்த வழி திறந்திருக்கும் என்று எண்ணிப்பார்க்கலாம். வடக்கே மதனப்பள்ளியையடுத்த ஆரோக்கியவரத்தில், பல கிறிஸ்தவச் சபைகள் கூடி 1915-இல் திறந்த சானடோரியம் என்னும் காசநோய் மருத்துவமனை இருந்தது. கிழக்கே, இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் சானடோரியம் நடத்தி, அங்கே 1917-இல் கணிதமேதை இராமானுஜனுக்கும் சிகிச்சையளித்த டாக்டர் டேவிட் சவுரிமுத்து, தாயகம் திரும்பித் தாம்பரத்தில் 1928-இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கிய சானடோரியம் இருந்தது. திறந்த காற்று, நீண்ட ஓய்வு, பாலும் முட்டையும் கூடிய போஷாக்கு என்பவையே அக்காலச் சிகிச்சையின் மூன்று தூண்கள். அவை மூன்றும் நல்லவையே. ஆனால் ஏர் பிடித்தால்தான் உலை கொதிக்கும் வீட்டில் ஓய்வுக்கு இடமேது? ஓராண்டு கட்டிலில் கிடப்பதென்றால், நோயாளி பிழைப்பதற்குள் குடும்பம் அழிந்துவிடும்.

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பாஸ் என்னும் மருந்தும், 1952-இல் ஐசோனியாசிட் மாத்திரையும் வந்தபோது காட்சி மாறத் தொடங்கிற்று. கிருமியை நேராகத் தாக்கும் மருந்து கைக்கு வந்துவிட்டது. ஆயினும், மருந்து வேலை செய்வதற்கு அந்தக் காற்றும் கட்டிலும் கோழிமுட்டையும் இன்றியமையாதவைதாமா, குடிசையில் கிடப்பவனுக்கு அதே மாத்திரையைக் கொடுத்தால் அவனும் தேறுவானா, அவனை வீட்டில் வைத்திருந்தால் குழந்தைகளுக்குத் தொற்று மிகுமா என்பவை விடையில்லாக் கேள்விகளாகவே நின்றன. நோயாளர் லட்சக்கணக்கிலும் படுக்கைகள் ஆயிரக்கணக்கிலும் இருந்த தேசத்துக்கு அவை வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட கேள்விகள்.

இக்கேள்விகளுக்கு விடைகாண 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் இரசாயன சிகிச்சை மையம் தோன்றிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் அதன் பங்காளிகள். ஆங்கில வைத்தியரான வாலஸ் ஃபாக்ஸ் முன்னின்று ஆராய்ச்சியை நடத்தினார். சுயராஜ்யம் பெற்றுப் பத்தாண்டுகள்கூட ஆகாத நிலையில், அண்மைவரை ஆண்டவர்களின் ஸ்தாபனமும் ஆளப்பட்டவர்களின் சர்க்காரும் ஒரே மேசையில் அமர்ந்து, சென்னையின் நெருக்கடியான தெருக்களில் வாழும் ஏழைகளின் சளியைப் பரிசோதிக்க ஒப்பியது அக்காலத்துக்கு அருமையான காரியம்.

பரிசோதனையின் முறை மிக எளியது, எளிமையினாலேயே கண்டிப்பானது. நோயாளிகள் இரு பிரிவாக, வைத்தியரின் விருப்பு வெறுப்புக்கு இடமின்றி, சீட்டுக் குலுக்கினாற்போல் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவார் சானடோரியத்துக்குச் சென்றனர். மற்றவர் தங்கள் வீட்டிலேயே இருந்தனர். இருவருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்து: பாஸும் ஐசோனியாசிடும். பாஸ் சாதாரண மாத்திரையன்று, நாளொன்றுக்குப் பல கிராம் விழுங்கவேண்டும், குமட்டும், வயிறு கலங்கும். யாரும் பாராதபோது அதைத் தூர எறிந்துவிடத் தோன்றுவது இயல்பே. ஆகவே ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று, மிச்சமிருந்த மருந்தை எண்ணினார்கள். நோயாளியின் சிறுநீரை வாங்கி, அதில் ஒரு திராவகத்தைச் சேர்த்து நிறம் மாறுகிறதா என்று பார்த்தார்கள். நிறம் மாறினால் மருந்து உள்ளே போயிருக்கிறது. மாறாவிட்டால் மருந்து வேறெங்கோ போயிருக்கிறது. ஜெனீவாவும் லண்டனும் டில்லியும் சென்னையும் கூடி எழுப்பிய கேள்விக்கு விடை, குடிசை வாசலில் ஒரு சோதனைக் குழாயின் அடியில் தெரிந்தது என்றால் அது மிகையாகாது.

1959-இல் முடிவு வெளியாயிற்று. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், ஓய்ந்திருந்தார்கள், எடையும் கூடினார்கள். வீட்டிலிருந்தவர்கள் குறைவாக உண்டார்கள், அதிகம் உழைத்தார்கள், நெருக்கடியில் உறங்கினார்கள். ஆனால் சளியில் கிருமி மறைந்த விகிதத்தில் இரு பிரிவாரும் ஏறத்தாழச் சமமாகவே நின்றனர். குடும்பத்தாரைப் பின்தொடர்ந்து கவனித்ததில், நோயாளி வீட்டிலேயே தங்கிச் சிகிச்சை பெற்றதனால் தொற்று மிகுந்ததாகவும் காணப்படவில்லை. அரை நூற்றாண்டாகச் சானடோரியத்தையே கோயிலாகக் கொண்டிருந்த வைத்திய உலகம், கட்டில் தேவையில்லை என்ற தீர்ப்பை ஏற்கவேண்டியதாயிற்று.

நான் இவ்வரலாற்றில் மிகவும் மதிப்பது இந்தத் தருணத்தைத்தான். ஒத்துழைப்பு என்பது பல பெயர்கள் ஒரு பலகையில் எழுதப்படுவதன்று. தனக்குப் பாதகமாக வரக்கூடிய விடையையும் ஏற்பேன் என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே இசைவதாகும். சானடோரியம் தன் கட்டில்களைக் கொடுத்தது, அவை வேண்டாதவை என்று நிரூபணமாகக்கூடும் என்று தெரிந்தே. அந்தத் துணிவு இல்லாத கூட்டுறவு விருந்தும் உபசாரமுமாய் முடிந்துபோகும்.

சேத்துப்பட்டு ஒரு பாதி விடையைத்தான் தந்தது. மறுபாதி மேற்கிலிருந்து வந்தது. 1959-இல் பெங்களூரில் தேசிய காசநோய் நிலையம் நிறுவப்பட்டது. வைத்தியர்களோடு புள்ளியியலாரும் சமூகவியலாரும் அங்கே உடனுழைத்தனர். சமூகவியல் நோக்கில் டி. பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர்ப் பகுதிக் கிராமங்களில் நடத்தி 1963-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, பலரது கர்வத்தை அடக்கியது. கிராமத்தான் அறியாமையால் வைத்தியத்தை நாடுவதில்லை என்று பட்டணத்தார் நம்பிவந்தனர். உண்மையிலோ நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே ஆஸ்பத்திரியை நாடிச் சென்றிருந்தனர். ஒரு புட்டி இருமல் தண்ணீரைக் கொடுத்து அவர்கள் திருப்பியனுப்பப்பட்டிருந்தனர். குற்றம் கதவைத் தட்டியவனிடத்தில் இல்லை; கதவுக்குள் இருந்தவரிடத்தில்தான். இதே நோக்கில் 1962-இல் தொடங்கிய தேசியத் திட்டம், தனி மாளிகைகளை நம்பாமல், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நுண்ணோக்கியையும் சில மாத்திரைகளையும் வைக்கும் வழியைக் கைக்கொண்டது.

சென்னைக்கும் பெங்களூருக்கும் இடைவழியில் இருக்கும் இந்தக் கிருஷ்ணகிரிச் சீமைக்கு, இரு நகரங்களின் அறிவும் ஏககாலத்தில் எட்டியதென்று சொல்லிவிட முடியாது. அன்றைய மருந்து சில மாதங்களிலேயே இருமலை நிறுத்திவிடும். நோயோ பன்னிரண்டாம் மாதம்வரை உள்ளே பதுங்கியிருக்கும். நடுவில் மருந்தை நிறுத்தியவர் பலர். இதை முன்னுணர்ந்த சேத்துப்பட்டு ஆராய்ச்சியாளர்கள், வாரத்துக்கு இருமுறை மட்டும், ஊழியர் கண்ணெதிரே மருந்தளிக்கும் முறையைப் பரிசோதித்து 1964-இல் வெளியிட்டிருந்தார்கள். சென்னையில் விளைந்த அந்த வித்தை, உலகமெங்கும் சுற்றி, 1990-களில் 'டாட்ஸ்' என்ற பெயரோடு நமக்கே திரும்பி வந்தது. பிறந்த ஊரில் விலைபோகாத சரக்கு சந்தை சுற்றி வந்தபின் மதிப்புப்பெறும் கதைதான் அது.

அந்த ஐக்கியம் இன்னும் அற்றுப்போகவில்லை. சேத்துப்பட்டு மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. 2022-இல் தமிழக அரசும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோயறிந்த அன்றே நோயாளியின் எடையையும் மூச்சையும் நிற்கும் வலிவையும் பார்த்து, மிக நலிந்தவரை மட்டும் உடனே ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அனுப்புகிறது. எல்லாருக்கும் கட்டில் வேண்டியதில்லை என்று கற்ற நாடு, யாருக்குக் கட்டில் வேண்டும் என்பதையும் கற்றுக்கொள்ளுகிறது.

ஹைதரின் குதிரைகள் இறங்கிய பாதையில் இன்று ஓசூர் ஆலைகளுக்குப் பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் பேருந்துகள் ஓடுகின்றன. அவர்களுள் ஒருவன் இருமலோடு சிங்காரப்பேட்டைக்குத் திரும்பினால், மதனப்பள்ளிக்கோ தாம்பரத்துக்கோ அவன் புறப்படவேண்டியதில்லை. காலையில் பக்கத்து சுகாதார நிலையத்துக்குச் சென்று, சிறு டப்பாவில் சளி கொடுத்து, நோய் உறுதியானபின் மாத்திரைப் பட்டையை வாங்கிக்கொண்டு, தன் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடலாம். இவ்வூரில் ஒரு சானடோரியம் கட்டப்படாததை இனி யாரும் குறையென்று சொல்லமாட்டார்கள்.