சிக்கிக்கொண்ட வெற்றுக் கோது: ஒரு துப்பாக்கியின் பழுதை ஒப்புக்கொள்ள ஓராண்டுக்கு மேல் எடுத்த கதை

1915 ஏப்ரல் 24 அதிகாலை, பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே பதுங்குகுழிகளில் இருந்த கனேடியப் படையினர் மீது ஜேர்மன் படையினர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு நின்று சுட்ட கனேடியர்களுக்கு, கையிலிருந்த துப்பாக்கியும் கைகொடுக்கவில்லை. சில ரவைகள் சுட்டதும் வெற்றுக் கோது உள்ளேயே இறுகிக்கொண்டது. போல்ட்டைத் திறக்க முடியவில்லை. சப்பாத்துக் குதியால் உதைத்தும், மண்வெட்டிப் பிடியால் அடித்தும் திறந்தார்கள்.

அந்தச் சண்டையில் உயிர்தப்பிய ஏறத்தாழ 5,000 கனேடியக் காலாட்படையினரில் 1,452 பேர், தங்களுக்குக் கொடுக்கப்பட்ட றொஸ் துப்பாக்கியை எறிந்துவிட்டு, இறந்த பிரித்தானியப் படையினரின் லீ என்பீல்ட் துப்பாக்கிகளை எடுத்து வைத்திருந்தார்கள். மாற்றச்சொல்லி அவர்களுக்கு எவரும் கட்டளையிடவில்லை.

நான் ஊடகக் கற்கை படித்தவன். ஆயுதத் தொழில்நுட்பம் என் துறை அல்ல. ஆனாலும் இந்த விடயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். வெற்றுக் கோது எப்படி இருக்கும் என்று எங்கள் ஊர்களில் எவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அது ஏன் சிக்குகிறது, சிக்கினால் பிழை எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வியைத்தான் நான் பின்தொடர்ந்தேன். அது தொழில்நுட்பத்தோடு மட்டும் நிற்கவில்லை.

கோதின் வேலை

ரவை ஒன்றில் நான்கு பகுதிகள் உண்டு: முன்னால் பாய்ந்து செல்லும் சன்னம், உள்ளே வெடிமருந்து, அடியில் தீப்பொறி தரும் கெப், இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும் பித்தளைக் கோது.

சுடும்போது உள்ளே எழும் அழுத்தம் மிகப் பெரியது. 303 ரவையில் அது ஒரு சதுர அங்குலத்துக்கு 40,000 இறாத்தலையும் தாண்டும். அந்த அழுத்தத்தில் பித்தளை விரிந்து, ரவை அமரும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்பக்கமாகச் சுடுபவரின் முகத்துக்கு வராமல் தடுப்பது இந்த ஒட்டல்தான். சன்னம் குழலை விட்டுப் போனதும் அழுத்தம் விழுகிறது. பித்தளை சற்றுச் சுருங்கிச் சுவரை விடுகிறது. போல்ட்டில் உள்ள கொளுக்கி கோதின் விளிம்பைப் பிடித்து வெளியே இழுக்கிறது.

ஆக, ஒவ்வொரு கோதும் ஒரு கணம் சிக்கத்தான் வேண்டும். பிறகு அது விடவில்லை என்றால்தான் பழுது.

லீ என்பீல்ட் போன்ற துப்பாக்கிகளில் போல்ட்டின் கைபிடியை மேலே திருப்பும்போதே, ஒரு சரிவான வெட்டு போல்ட்டைச் சிறிதளவு பின்னுக்குத் தள்ளும். இறுகிய போத்தல் மூடியைத் திருகினால் விடுவதுபோல, அந்தத் திருப்பலில் கோதின் பிடி உடைகிறது. அதன் பின் இழுப்பது இலகு.

பழுதை எங்கே தேடுவது?

பழைய இராணுவத் துப்பாக்கிகளைச் சட்டப்படி வைத்திருக்கும் நாடுகளில், துப்பாக்கி திருத்துபவர்கள் இந்தப் பழுதை வரிசையாகக் கேள்விகேட்டுப் பிரிப்பார்கள்.

சுடாத ரவையே இறுக்கமாகப் போய் இறுக்கமாக வருகிறதா? அப்படியென்றால் அறையில் அழுக்கோ, களஞ்சியத்தில் வைக்கும்போது பூசிய பழைய கிறீஸோ காய்ந்து கிடக்கலாம். அல்லது ரவை அளவில் பெரிதாக இருக்கலாம்.

சுட்ட பிறகு மட்டும் சிக்குகிறதா? அறையின் சுவர் துருப்பிடித்துக் குழிவிழுந்திருக்கலாம். பழைய இராணுவ ரவைகளின் கெப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டதும் அது ஒருவகை உப்பாகப் படிந்து காற்றின் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் விட்டுக் கழுவாத துப்பாக்கியைத் துரு அரித்துவிடும். விரியும் பித்தளை அந்தக் குழிகளுக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

முதல் சில ரவைகள் நன்றாக வந்து, சூடேறிய பிறகு சிக்குகிறதா? அறையில் எஞ்சிய கிறீஸ் அல்லது கோதில் பூசிய அரக்குப் பூச்சு இளகி ஒட்டுவதாகச் சந்தேகிப்பார்கள்.

ஒரு பெட்டி ரவை மட்டும் சிக்கி, மற்றப் பெட்டி சிக்காமல் விடுகிறதா? பிழை ரவையில் இருக்கலாம். அதே ரவை வேறொரு துப்பாக்கியில் நன்றாக வேலைசெய்தால், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று அர்த்தம்.

கடைசியாகக் கோதையே பார்ப்பார்கள். நீளவாட்டில் கீறல் இருந்தால் சுவர் கரடுமுரடு. விளிம்பு கிழிந்திருந்தால், கோது விடாமலிருக்க கொளுக்கி மட்டும் இழுத்திருக்கிறது. அடிக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் தெரிந்தால் பித்தளை அளவுக்கு மீறி நீண்டிருக்கிறது. அடுத்தடுத்த தடவைகளில் கோது இரண்டாக முறிந்து, முன்பாதி உள்ளேயே தங்கிவிடலாம்.

இந்தக் கேள்விகள் எல்லாம் துப்பாக்கி, ரவை, சுடும் சூழல் என்ற மூன்றையும் தனித்தனியே சோதிக்கின்றன. றொஸ் துப்பாக்கியின் விடயத்தில் மூன்றையும் சேர்த்துப் பார்க்க அதிகாரத்தில் இருந்தவர்கள் விரும்பவில்லை.

றொஸ்ஸில் இருந்த பிழைகள்

ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த பிரபு சேர் சார்ள்ஸ் றொஸ் வடிவமைத்த துப்பாக்கி அது. தென்னாபிரிக்கப் போர்க் காலத்தில் பிரித்தானியாவிடமிருந்து லீ என்பீல்ட்டைப் பெறமுடியாமல் போன கனடா, 1902 இல் றொஸ்ஸோடு ஒப்பந்தம் செய்தது. கியூபெக் நகரில் தொழிற்சாலை எழுந்தது. இலக்குச் சுடும் போட்டிகளில் றொஸ் பேர்பெற்றது.

அதன் போல்ட்டைத் திருப்பத் தேவையில்லை, நேராகப் பின்னே இழுத்தால் போதும். வேகமாகச் சுடலாம் என்பதுதான் எண்ணம். ஆனால், இறுகிய கோதை உடைத்துவிடும் அந்தத் திருப்பலின் பலம் இதில் குறைவு. சுடுபவரின் கைப்பலம்தான் இழுக்கவேண்டும்.

அடுத்தது அறையின் அளவு. றொஸ்ஸின் அறை நெருக்கமாக வெட்டப்பட்டிருந்தது. கனடாவில் கவனமாகச் செய்த ரவை அதற்குள் சரியாகப் பொருந்தியது. போர்க்களத்துக்கு வந்ததோ, பிரித்தானியாவில் அவசர அவசரமாகப் பெருமளவில் செய்யப்பட்ட ரவை. அளவில் அங்குலத்தின் சில ஆயிரத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். லீ என்பீல்ட்டின் தாராளமான அறை அதை ஏற்றுக்கொண்டது. றொஸ் ஏற்கவில்லை.

மூன்றாவதைக் கண்டுபிடிக்கத்தான் அதிக காலம் எடுத்தது. போல்ட்டைப் பின்னே இழுக்கும்போது, அதன் தலையில் உள்ள பூட்டுப் பற்களில் ஒன்று ஒரு சிறிய தடுப்பில் மோதியது. உருக்குப் போதியளவு கடினப்படுத்தப்படாத துப்பாக்கிகளில் அந்தப் பல் நசுங்கியது. நசுங்கிய பல் சரியாகப் பூட்டவும் இல்லை, இலகுவாகத் திறக்கவும் இல்லை. கோது சிக்கியதால் படையினர் உதைத்தார்கள். உதைத்ததால் பல் இன்னும் நசுங்கியது. அதனால் அடுத்த கோது இன்னும் மோசமாகச் சிக்கியது. இவற்றோடு பதுங்குகுழிச் சேறும் சேர்ந்தது.

அதே துப்பாக்கியைக் கனேடியக் குறிபார்த்துச் சுடுபவர்கள் போரின் கடைசிவரை விரும்பி வைத்திருந்தார்கள். பூர்வகுடியைச் சேர்ந்த பிரான்சிஸ் பெகமகபோ அவர்களில் ஒருவர். இதில் முரண் எதுவும் இல்லை. அவர்கள் ரவையைத் தெரிந்தெடுத்தார்கள், துப்பாக்கியைத் துப்புரவாக வைத்தார்கள், ஆறுதலாகச் சுட்டார்கள். பாய்ந்துவரும் படையை நோக்கி வேகமாகச் சுடவேண்டிய காலாட்படையினருக்கு இந்த மூன்று வசதியும் கிடையாது.

பாதி உண்மையின் விலை

கனடாவின் பாதுகாப்பு அமைச்சர் சாம் ஹியூஸ் றொஸ்ஸின் தீவிர ஆதரவாளர். பிழை ரவையில்தான் என்று அவர் வாதிட்டார். அதில் உண்மை இருந்தது. ஆனால் பாதி உண்மைதான். களத்தில் கிடைக்கும் ரவையைச் சுடமுடியாத துப்பாக்கி களத்துக்கு ஏற்றதல்ல என்ற மறுபாதியை அவர் ஏற்க மறுத்தார்.

1915 யூனில் பிரித்தானியத் தளபதி ஜோன் பிரெஞ்ச், படையினர் றொஸ்மீது நம்பிக்கை இழந்துவிட்டார்கள் என்று கூறி, முதலாவது கனேடியப் படைப்பிரிவுக்கு லீ என்பீல்ட் வழங்க உத்தரவிட்டார். இருந்தும் அடுத்து வந்த படைப்பிரிவுகள், அறை சற்று அகலமாக்கப்பட்ட றொஸ்ஸோடுதான் களத்துக்கு அனுப்பப்பட்டன. பழுதுகளைப் பட்டியலிட்டு எழுதிய கனேடியப் படைத் தளபதி அல்டர்சனுக்கு ஹியூஸ் கடுமையாகப் பதில் எழுதினார். 1916 மே மாதம் அல்டர்சன் அந்தப் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். துப்பாக்கி அப்போதும் இருந்தது.

அந்த ஆண்டு நடுப்பகுதியில்தான், தளபதி டக்ளஸ் ஹெய்க்கின் முடிவுப்படி மற்றப் படைப்பிரிவுகளிடமிருந்தும் றொஸ் திரும்பப் பெறப்பட்டது. நவம்பரில் ஹியூஸ் பதவி இழந்தார். 1917 இல் கனேடிய அரசு கியூபெக் தொழிற்சாலையைத் தன்வசமாக்கியது. றொஸ்ஸுக்கு 20 இலட்சம் டொலர் இழப்பீடு கிடைத்தது.

ஈப்பரில் இருந்து இந்த முடிவுவரை ஓராண்டுக்கு மேல் போய்விட்டது. அந்தக் காலத்தில் போல்ட்டை உதைத்துக்கொண்டே இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு இல்லை. எஞ்சியிருக்கும் எண் 1,452 மட்டும்தான். ஒரு ஊடகவியலாளனாக நான் அந்த எண்ணை முக்கியமான சாட்சியாகப் பார்க்கிறேன். அறிக்கைகள் ஒன்றையொன்று மறுக்கலாம். உயிர் போகும் இடத்தில் நின்றவர்கள் எதை எறிந்தார்கள், எதை எடுத்தார்கள் என்பதை மறுக்கமுடியாது. அதை யாரோ ஒருவர் எண்ணி எழுதி வைத்ததால்தான் இன்று நாமும் கேள்வி கேட்கிறோம்.

எங்கள் மண்ணில் கிடப்பவை

303 ரவையைச் சுடும் லீ என்பீல்ட் எங்கள் நாட்டின் பொலிஸாரிடமும் நீண்டகாலம் இருந்தது. 'த்ரீ நொட் த்ரீ' என்று சொன்னால் மூத்தவர்களுக்கு உடனே தெரியும். மேலே எழுதியவை விளங்கிக்கொள்வதற்கு மட்டுமே, செய்து பார்ப்பதற்கு அல்ல. காணி துப்புரவாக்கும்போதோ கிணறு வெட்டும்போதோ ரவையோ கோதோ தென்பட்டால், அது வெற்றா வெடிக்காததா என்று பார்க்க முயலவேண்டாம். நெருப்பில் போடவேண்டாம், தட்டவேண்டாம், பழைய இரும்போடு சேர்த்து விற்கவேண்டாம். இடத்தை அடையாளப்படுத்திவிட்டு, பொலிஸாருக்கோ கிராம அலுவலருக்கோ கண்ணிவெடி அகற்றும் நிறுவனத்துக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் இதையே சொல்லிக்கொடுங்கள்.