தாழப் பறந்த விமானி

அடர்ந்த மேகத்துக்குள் நுழைந்துவிட்ட விமானிக்கு முதலில் பொய் சொல்வது அவனுடைய சொந்த உடலே. நிலமும் அடிவானமும் கண்ணுக்குப் புலப்படாதபோது, உடலின் சமநிலையை உணர்த்தும் உட்செவி தடுமாறுகிறது. விமானம் ஒருபுறம் சாய்ந்து, வட்டமிட்டு, கீழே இறங்கிக்கொண்டிருக்கும். விமானியோ தான் நேராகச் செல்வதாகவே உணர்வான். அந்த உணர்வை நம்பிய பலர் சில நிமிடங்களுக்குள் தரையில் மோதி மாண்டிருக்கின்றனர். ஆகவேதான் விமானப் பயிற்சியில் ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் புகட்டுகிறார்கள்: உன் உணர்வு என்ன சொன்னாலும், முன்னாலிருக்கும் கருவிகள் காட்டுவதையே நம்பு.

எளிய பாடம்தான், ஆயினும் கடைப்பிடிப்பதற்கு எவ்வளவு கடினமானது! தன் விருப்பத்தையும் அச்சத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டு, உள்ளதை உள்ளபடி ஏற்றுக்கொள்ளும் துணிவை அது கேட்கிறது. அந்தத் துணிவுக்கு வாய்மை என்றும் பெயரிடலாம். வானத்தில் அதைப் பயின்று, ஓய்வுபெற்றபின் தரையிலும் அதற்காக விலை கொடுத்த ஒருவரின் வாழ்க்கை இங்கே எண்ணிப் பார்க்கத்தக்கது. அவர் பெயர் லெனர்ட் செஷயர்.

செஷயர் 1917-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை புகழ்பெற்ற சட்டப் பேராசிரியர். மகனும் ஆக்ஸ்போர்டில் சட்டமே பயின்றார். இரண்டாம் உலகப்போர் மூண்டபோது பிரித்தானிய விமானப்படையில் குண்டுவீச்சு விமானியாகச் சேர்ந்தார். 1940 நவம்பரில் கொலோன் நகரைத் தாக்கச் சென்ற இரவில், அவருடைய விட்லி விமானம் பீரங்கிக் குண்டுபட்டு, அதன் பக்கவாட்டில் பெரும்பகுதி பிய்ந்துபோயிற்று. உள்ளே தீ, உடனிருந்த வீரர் ஒருவர் கடுமையாக வெந்துபோனார். அந்நிலையிலும் விமானத்தைத் தாயகம் கொண்டுவந்து சேர்த்த இளைஞருக்கு உயரிய பதக்கம் ஒன்று கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 23.

வீரச்செயல்களுக்குக் குறைவில்லாத அந்நாள்களில் வேறொரு குறை இருந்தது. இரவில் சென்று திரும்பிய விமானிகள் 'இலக்கைத் தாக்கினோம்' என்று அறிக்கை தந்தனர், மேலதிகாரிகள் நம்பினர், நாடும் மகிழ்ந்தது. 1941-இல் அரசு அலுவலர் ஒருவர், விமானங்களிலிருந்து எடுக்கப்பட்ட அறுநூறுக்கும் மேற்பட்ட ஒளிப்படங்களை அந்த அறிக்கைகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். 'பட் அறிக்கை' என்று வரலாற்றில் பெயர்பெற்ற அந்த ஆய்வின் முடிவு பலரையும் திடுக்கிட வைத்தது. இலக்கைத் தாக்கியதாகக் கூறிய விமானங்களுள் மூன்றில் ஒன்றுதான் இலக்கிலிருந்து 5 மைல், அதாவது 8 கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளாவது சென்றிருந்தது. புகைமூட்டம் நிறைந்த ரூர் தொழிற்பகுதியிலோ பத்தில் ஒன்றுதான்.

அந்த விமானிகள் பொய்யர்களா? இல்லை. உயிரைப் பணயம் வைத்துச் சென்றவர்கள் அவர்கள். இருளில், உயரத்தில், பீரங்கி வெளிச்சங்களுக்கிடையே, தாம் காண விரும்பியதையே கண்டார்கள். நல்ல மனிதரும், நேர்மையாகப் பேசுவதாகத் தாமே நம்பிக்கொண்டு, உண்மையல்லாததைச் சொல்லிவிடக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? உண்மை பேச நல்லெண்ணம் மட்டும் போதாது. கிட்டச் சென்று பார்க்கும் முயற்சியும் வேண்டும்.

செஷயர் கிட்டச் சென்று பார்க்கும் இயல்பினர். 1942-இல் 76-ஆம் படைப்பிரிவின் தலைமையை ஏற்றபோது, ஹாலிஃபாக்ஸ் விமானங்கள் அளவுக்கு மீறி வீழ்த்தப்படுவதைக் கண்டார். விமானத்தின் எடையே அதன் வேகத்தைக் கெடுக்கிறது என்று கண்டு, மூக்குப் பகுதியிலும் நடுமுதுகிலும் இருந்த துப்பாக்கிக் கூண்டுகளை அகற்றச் செய்தார். புதிதாக வந்து நடுங்கிக்கொண்டிருந்த குழுவினரோடு தாமே இரண்டாம் விமானியாக அமர்ந்து பறந்தார். எனினும், அச்சத்தால் நிலைகுலைந்து போனவர்களைப் படைப்பிரிவிலிருந்து உடனே அகற்றிவிட்டார். அவர்களிடம் இரக்கமின்றி நடந்துகொண்டதைப் பிற்காலத்தில் அவர் மூடி மறைக்கவுமில்லை. அந்தப் போரில் பிரித்தானியக் குண்டுவீச்சுப் படையில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பதை நினைவில் கொண்டால், அந்த அச்சம் எவ்வளவு நியாயமானது என்பது விளங்கும்.

1943-இல் அவர் குரூப் கேப்டனாக உயர்ந்தார். மேசையும் கோப்புகளும் நிறைந்த பாதுகாப்பான பதவி அது. அவருக்கோ அது பிடிக்கவில்லை. ஒரு படி தாழ்ந்து விங் கமாண்டராக 617-ஆம் படைப்பிரிவின் தலைமையை ஏற்று, மீண்டும் பறக்கச் சென்றார். அங்கேதான் தாழப் பறந்து இலக்கைக் குறிக்கும் முறையை அவர் வற்புறுத்தினார். தலைமை விமானி தரையை ஒட்டிப் பறந்து, இலக்கைத் தம் கண்ணாலேயே கண்டு, அதன்மேல் அடையாளத் தீயை இட வேண்டும். மேலே வருவோர் அந்தத் தீயை நோக்கிக் குண்டு வீச வேண்டும். தலைமை விமானிக்கு ஆபத்து மிகுதி. ஆனால் தவறு குறைவு.

1944 பிப்ரவரி 8-ஆம் நாள் இரவு. பிரான்ஸ் நாட்டின் லிமோஜ் நகரில், ஜெர்மானியருக்காக விமான இயந்திரங்கள் செய்துகொண்டிருந்த தொழிற்சாலையைத் தாக்க 12 லங்காஸ்டர் விமானங்கள் சென்றன. உள்ளே இரவுப் பணியில் பிரெஞ்சுத் தொழிலாளர்கள் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். செஷயர் உடனே குண்டு வீசவில்லை. நிலவொளியில் தொழிற்சாலைக் கூரையை உரசுவதுபோல் ஒருமுறை பறந்தார். இரண்டாம் முறை பறந்தார். மூன்றாம் முறையும் பறந்தார். எச்சரிக்கையைப் புரிந்துகொண்டு தொழிலாளர்கள் வெளியே ஓடினர். நான்காம் முறைதான், 50 முதல் 100 அடி உயரத்திலிருந்து தீக்குண்டுகளை இட்டு இலக்கைக் குறித்தார். பின்னால் வந்த 11 விமானங்களும் ஆளுக்கொரு 12,000 பவுண்டு குண்டை வீசின. 10 குண்டுகள் தொழிற்சாலைமேல் விழுந்தன, ஒன்று பக்கத்து ஆற்றில் விழுந்தது. உற்பத்தி ஏறக்குறைய நின்றுபோயிற்று. பிரெஞ்சு மக்களுக்கு உயிர்ச்சேதம் இல்லை என்றே சொல்லும் அளவுக்குக் குறைவாக இருந்தது.

இந்த நிகழ்ச்சியைப் படிக்கும்போது உள்ளம் நெகிழ்கிறது. ஆனால் அங்கேயே நின்றுவிடுவது நேர்மையாகாது. லிமோஜ் தொழிலாளர்கள் நட்பு நாட்டு மக்கள். தொழிற்சாலைக்குக் காவலாக இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளே இருந்தன. பீரங்கிகள் சூழ்ந்த ஜெர்மானிய நகரங்களில் உறங்கிக்கொண்டிருந்த தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் அப்படி மூன்று முறை எச்சரிக்கை கிடைக்கவில்லை. போர், நல்லவர்களின் இரக்கத்துக்குக்கூட எல்லைக்கோடு கிழித்துவிடுகிறது.

100 முறை போர்ப்பறப்பு மேற்கொண்ட செஷயருக்கு 1944 செப்டம்பரில் விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. ஒரே ஒரு வீரச்செயலுக்காக அன்றி, நான்கு ஆண்டுகள் நீடித்த துணிவுக்காக அது தரப்பட்டது. அடுத்த ஆண்டு பிரித்தானிய அரசின் பார்வையாளராக அவர் பசிபிக் பகுதிக்கு அனுப்பப்பட்டார். 1945 ஆகஸ்டு 9-ஆம் நாள் நாகசாகியின்மேல் அணுகுண்டு வெடித்தபோது, அவர் இருந்த விமானம் ஏனைய விமானங்களோடு சேரத் தவறிப் பல மைல் தொலைவில் பறந்துகொண்டிருந்தது. மேலெழுந்த பெருமேகத்தை அவர் தூரத்திலிருந்துதான் கண்டார். அந்த மேகத்துக்கடியில் ஊராகாமிப் பள்ளத்தாக்கு எரிந்தது. தலைமுறை தலைமுறையாக மறைவில் விசுவாசத்தைக் காத்துவந்த ஜப்பானியக் கத்தோலிக்கர் கட்டியெழுப்பிய பேராலயம், குண்டு வெடித்த இடத்திலிருந்து சுமார் 500 மீட்டர் தொலைவில் தரைமட்டமாயிற்று. அவ்வாண்டு இறுதிக்குள் அந்நகரில் மாண்டவர்கள் ஏறத்தாழ 74,000 பேர். இந்தமுறை கிட்டச் சென்று பார்க்கவும் எச்சரிக்கவும் தாழப் பறந்தவர் எவருமில்லை.

பின்னாளில் செஷயர் தொண்டராக மாறியபோது, உலகம் அவருக்கு ஓர் அழகிய கதையைத் தயாரித்து வைத்திருந்தது: நாகசாகியைக் கண்ட விமானி மனச்சான்று உறுத்தி மனம் மாறினார் என்பதே அக்கதை. சொற்பொழிவுக்கு ஏற்ற கதை. நன்கொடை திரட்டவும் உதவக்கூடிய கதை. செஷயரோ அதை மறுத்தார். குற்ற உணர்வினால் தாம் இப்பணிக்கு வரவில்லை என்றார். அணுகுண்டு போரை முடித்து, மேலும் பல உயிர்கள் அழியாமல் தடுத்தது என்ற கருத்தை அவர் இறுதிவரை கைவிடவில்லை. போரைத் தடுக்க விரும்புவோர் போரின் காரணங்களை அகற்ற உழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

அவருடைய முடிவை நாம் ஏற்க வேண்டியதில்லை. முழு நகரங்களையும் மக்களோடு சேர்த்து அழிக்கும் போர்ச்செயல் கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என்று, 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில் தெளிவாகக் கண்டித்தது. லிமோஜில் சில நூறு பேருக்காக மூன்று முறை பறந்த மனிதர் இதை எவ்வாறு தம் உள்ளத்தில் பொருத்திக்கொண்டார் என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை. ஆயினும், தமக்குப் புகழ் சேர்க்கும் பொய்யான கதையைத் தள்ளிவிட்டு, தம்மைப் பலர் வெறுக்கக்கூடிய கருத்தை வெளிப்படையாகச் சொன்ன நேர்மையை மதிக்காதிருக்க முடியாது. நம்மைப் பற்றிப் பிறர் சொல்லும் மிகையான புகழ்ச்சியை நாம் எத்தனை முறை திருத்தியிருக்கிறோம்?

1946-இல் செஷயர் படையிலிருந்து ஓய்வுபெற்றார். முன்னாள் படைவீரர்கள் கூடி வாழும் குடியிருப்பு ஒன்றைத் தொடங்கினார். அது தோல்வியில் முடிந்தது. ஹாம்ப்ஷயரில் 'லே கோர்ட்' என்னும் பெரிய வீடும் கடனும்தான் மிஞ்சின. 1948-இல் ஒரு செய்தி வந்தது. அங்கே முன்பு பன்றிகளைப் பராமரித்து வந்த ஆர்தர் டைக்ஸ் என்பவர் மருத்துவமனையில் இருந்தார். நலம்பெற்றுத் தங்குவதற்குச் சிறிது இடம் தருவீர்களா என்று அவர் கேட்டிருந்தார். செஷயர் சென்று விசாரித்தார். ஆர்தருக்குப் புற்றுநோய், பிழைக்க வழியில்லை, போக்கிடமும் இல்லை. ஆனால் இதை நோயாளியிடம் எவரும் சொல்லவில்லை.

இந்த நிலைமை நமக்கு அந்நியமானதன்று. நம் குடும்பங்களில் நோயாளியைத் தவிர அனைவருக்கும் நோயின் பெயர் தெரிந்திருக்கும். கட்டிலருகே சிரிப்பு, கதவுக்கு வெளியே கண்ணீர். தீங்கு பயக்காத சொல்லே வாய்மை என்ற வள்ளுவரின் இலக்கணத்தையும் நாம் துணைக்கு அழைத்துக்கொள்வோம். அதில் அன்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த மௌனம் பல நேரங்களில் நோயாளியைத் தனிமைப்படுத்திவிடுகிறது. தன் சாவைப் பற்றிப் பேச அவனுக்கு ஒருவரும் இல்லாமற் போகிறார்கள். மறைப்பது அவனுக்காகவா, அவன் கண்ணீரைத் தாங்க இயலாத நமக்காகவா என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

செஷயர் ஆர்தரிடம் உண்மையைச் சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பிப் போகவில்லை. தம் வீட்டுக்கே அழைத்துவந்தார். பணியாட்களோ பணமோ இல்லாத அந்தப் பெரிய வீட்டில், விக்டோரியா சிலுவை பெற்ற விமானி சமைத்தார், நோயாளியைக் குளிப்பாட்டினார், படுக்கை விரிப்புகளைத் துவைத்தார். உண்மையைச் சொன்னவரே அதன் சுமையிலும் பங்கேற்றார். விசுவாசத்தை விட்டு விலகியிருந்த கத்தோலிக்கரான ஆர்தர், அந்நாள்களில் மீண்டும் செபிக்கத் தொடங்கினார். ஆகஸ்டு மாதத்தில் அமைதியாக இறந்தார். செஷயர் அதே ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நாளில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அதற்குள் வேறு நோயாளிகளும் அந்த வீட்டின் கதவைத் தட்டத் தொடங்கியிருந்தனர்.

அப்படித் தோன்றியதுதான் செஷயர் இல்லங்களின் வரிசை. 1952-இல் அவரைக் காசநோய் பற்றியது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தார். எழுந்ததும் இந்தியாவுக்கு வந்தார். 1956-இல் பம்பாய் அந்தேரியில் ஓர் இல்லம் எழுந்தது. அகதிகளுக்கும் நோயாளிகளுக்கும் உழைத்துவந்த சூ ரைடர் அம்மையாரை 1959-இல் அதே பம்பாயின் கத்தோலிக்கப் பேராலயத்தில் மணந்தார். இருவரும் டேராடூனில் 'ரஃபேல்' இல்லத்தை நிறுவினர். 1992 ஜூலை 31-ஆம் நாள், தசைகளை மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோயினால் செஷயர் இறந்தபோது, அவர் தொடங்கிய இல்லங்கள் சுமார் 50 நாடுகளில் இயங்கிவந்தன. இயலாதவர்களைத் தாங்கியவர் இறுதியில் தாமும் பிறரால் தாங்கப்பட்டார்.

உயரத்திலிருந்து பார்ப்போருக்கு மனிதர் புள்ளிகளாகவும் ஊர்கள் வெளிச்சப் பொட்டுகளாகவும் தெரிகின்றன. அங்கிருந்து பேசும் உண்மை பெரும்பாலும் பாதி உண்மையே; பட் அறிக்கை காட்டியதும் அதுதான். இன்று நாமும் பிறரைப் பற்றி உயரத்திலிருந்தே பேசப் பழகிவிட்டோம். ஏழைகளைக் கணக்கெடுப்பின் எண்களாகவும், அயலாரைச் சாதியின் பெயராகவும், முதியோரை மாதந்தோறும் அனுப்பும் பணமாகவும் பார்க்கிறோம். அவர்களைப் பற்றி நாம் சொல்வதில் பொய் ஏதும் இல்லாதிருக்கலாம். ஆனால் அவர்களுடைய கூரையின்மேல் ஒருமுறையாவது தாழப் பறந்திருக்கிறோமா? கடினமான உண்மையை ஒருவரிடம் சொல்ல நேரும்போது, சொல்லிய பிறகு அவரருகே தங்கியிருக்க நாம் ஆயத்தமாயிருக்கிறோமா? அந்த ஆயத்தம் இருந்தால், சொல்ல வேண்டிய சொற்களும் சொல்ல வேண்டிய வேளையும் நமக்குத் தெரியவரும்.